பென்னிகுயிக் கதையும் பூட்டிய அலமாரியும்



முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் பெயரை அறியாத வீடு கம்பம் பள்ளத்தாக்கில் கிடையாது. அந்த அணை பற்றிக் கட்டுரை எழுத, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் அலைபேசியில் தேடினாள். சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்ற கதையே, வரி மாறாமல், பத்து இடங்களில் வந்தது. ஆதாரம் என்ன என்று ஓரிடத்திலும் இல்லை.

அணைப் பணியில் இருந்த பொறியாளர் மெக்கன்சி, பெரியாறு திட்டத்தின் வரலாற்றை 1899இல் நூலாகவே எழுதியிருக்கிறார். அதை எடுத்துக்காட்டி, 'இரண்டையும் ஒப்பிட்டுப் பார், அம்மா' என்று சொல்லத்தான் பள்ளியில் ஆள் இல்லை. நூலகப் பாடவேளை உண்டு. அலமாரிச் சாவி கணக்கு ஆசிரியரிடம். அவருக்கோ விடைத்தாள் திருத்தவே நேரம் போதவில்லை.

இந்திய நூலகவியலின் தந்தை ரங்கநாதன் பிறந்த மாநிலம் இது. தேனி மாவட்ட மேல்நிலைப் பள்ளிகளிலாவது முழுநேர நூலகர்களை அரசு நியமிக்க வேண்டும்.

- ஒரு தாய், சின்னமனூர்