புகாரே எழுதாத இடத்தில் கணினி எதைப் படிக்கும்?

நாக்பூரில் 23 காவல் நிலையங்களில் ஓட்டிப் பார்த்த ‘மகாகிரைம்ஓஎஸ்’ செயற்கை நுண்ணறிவு மென்பொருளை மகாராஷ்டிர மாநிலத்தின் 1,100 காவல் நிலையங்களுக்கும் கொண்டுபோகப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தார்கள். புகாரைப் படித்து விசாரணைக்கு வழி சொல்லும் கருவி அது. இணைய மோசடி வழக்குகளில் அது காவலருக்குக் கைகொடுக்கலாம். ஆனால் மும்பைக்கு முதலில் தேவைப்பட்டது அதுதானா?

தாராவியில் கஷ்டம் புகாரைப் படிப்பதில் இல்லை, அதை எழுத வைப்பதில் இருக்கிறது. மராத்தி சரளமாக வராத ஒரு தமிழ்ப் பெண், குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றிச் சொல்ல ஸ்டேஷன் படியேறினால், “வீட்டுச் சண்டை, பேசித் தீர்த்துக்கொள்” என்று திருப்பி அனுப்பப்படுகிறாள். அவளுடைய புகார் எந்தக் கணினிக்கும் போய்ச் சேராது. காவல் துறைப் பதிவேட்டை மட்டும் நம்பக் கூடாது என்று குற்றவியல் எப்போதோ உணர்ந்து, வீடு வீடாகப் போய்க் கேட்கத் தொடங்கிவிட்டது. ஐடிஎஃப்சி நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஆய்வு மும்பை, சென்னை உட்பட நான்கு நகரங்களில் அப்படிக் கேட்டது. திருட்டுக் கொடுத்தவர்களில் மிகச் சிலருக்கே எஃப்ஐஆர் கிடைத்திருந்தது. விடுபட்டவர்களின் கதையை எந்த மென்பொருள் சொல்லும்?

இதற்கு விடை மும்பையிலேயே இருந்தது. கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக் குடிசைவாசிகளின் தலைவராக உயர்ந்த ஜோக்கின் அற்புதமும் அன்றைய காவல் ஆணையர் ஏ.என். ராயும் சேர்ந்து, புனேயில் தொடங்கிய காவல் பஞ்சாயத்தை 2004இல் மும்பைக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு குடிசைப் பகுதிக்கும் ஏழு பெண்கள், மூன்று ஆண்கள், கூடவே ஒரு காவலர். குழாயடித் தகராறும் குடிகாரன் அடியும் அந்தப் பத்துப் பேர் முன்னால் வந்தன. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதற்குப் பெண்கள் பயப்படவில்லை. அதற்கும் முன்பே, 1984இல், செம்பூரை ஒட்டிய தேவ்னாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் காவல் துறைக்குள்ளேயே பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவைத் தொடங்கிச் சமூகப் பணியாளர்களை உட்கார வைத்தது. காவலும் குற்றவியலும் கைகோக்கும் வழி இதுதான். இப்படிப்பட்ட ஏற்பாட்டை 1,100 நிலையங்களுக்கும் கொண்டுபோவோம் என்று ஒருவராவது மேடையேறிச் சொன்னாரா? அதில் விற்பதற்கு எதுவும் இல்லை என்பதாலா?

ஆட்சியாளர்களின் பழைய கணக்கையும் பார்த்துவிடுவோம். 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அதை ஆராய்ந்த பிரதான் குழு கேமராக்கள் வேண்டும் என்றது. ஒப்பந்தப்புள்ளி மேல் ஒப்பந்தப்புள்ளியாக இழுத்தடித்து, கேமரா வலையமைப்பை முழுமையாகத் தொடங்கி வைக்க 2016 ஆயிற்று. அதற்கும் முன், 1992-93 மும்பைக் கலவரத்தில் தாராவியும் எரிந்தது. அதை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தை 1996 ஜனவரியில் கலைத்தார்கள், மே மாதம் மீண்டும் உயிர்ப்பித்தார்கள். அறிக்கை 1998இல் வந்தது. பெயர் குறிப்பிட்டுக் குற்றம் சாட்டப்பட்ட காவலர்கள்மீது எடுத்த நடவடிக்கை வெட்கப்படத் தக்கது. ஆட்சிகள் மாறின, கேளாக் காது மாறவில்லை.

இப்போது அதே கைகளில் குற்றம் எங்கே நடக்கும் என்று முன்கூட்டிக் கணிக்கும் கருவியும் சேரக்கூடும். பழைய கைதுப் பதிவுகளை ஊட்டினால் அது பழைய சந்தேகத்தையே திருப்பித் தரும், அதே சந்துகளுக்கே மறுபடியும் காவலரை அனுப்பும். லாஸ் ஏஞ்சல்ஸ் காவல் துறை அத்தகைய மென்பொருளை 2020இல் கைவிட்டது. நாம் அதை ஏன் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும்?

விரிவாக்கத்தை நிறுத்துங்கள். நாக்பூரில் என்ன நடந்தது என்பதை வெளியாட்கள் ஆராயட்டும். குடிசைப் பகுதிப் பெண்களையும் குற்றவியல் அறிந்தவர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டபிறகு முடிவெடுங்கள்.