உழைப்பவன் கட்டும் ஆங்கில வரி

பகலெல்லாம் தொழிற்கூடத்தில் நின்று உழைத்துக் களைத்த தமிழிளைஞன், இரவு பத்து மணிக்குக் கைப்பேசியைத் திறந்து வைத்துக்கொண்டு 'பணியிட ஆங்கிலம்' கற்கின்றான். இணையவழி வகுப்பு, கட்டணமோ அவன் சம்பளத்தினின்று. இதனை முன்னேற்றம் என்று பாராட்டுவார் பலர். யாம் இதனை வரி என்போம். தமிழ்நிலத்தில், தமிழரிடையே, தமிழன் உழைத்துப் பிழைப்பதற்காக அவன் தலைமேல் சுமத்தப்பட்டுள்ள ஆங்கில வரி!

ஆங்கிலம் கற்பதை யாம் பழிக்கின்றோமல்லோம். மறைமலையடிகள் ஆங்கிலத்திலும் எழுதியவரே. மொழிஞாயிறு பாவாணர் தமிழின் முதன்மையை உலகறியச் செய்ய 1966-இல் வெளியிட்ட நூல் ஆங்கில நூலே. அவர்கள் அதனைக் கருவியாகக் கைக்கொண்டனர். விரும்பிக் கற்பது வேறு. கற்றாலன்றிச் சோறில்லை என்னும் நிலையில் கற்பது வேறு.

அவ்வகுப்புகள் கற்பிப்பனதாம் யாவை? எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம் பாடங்களை எமக்குக் காட்டினார். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்று, பின்னர்ப் பொறித்தொழிற் பட்டயம் பெற்றவர். கடைசல் பொறியின் ஓசையைக் கேட்டே அதன் பழுதைச் சொல்லவல்லவர். ஒரு தொழிலகத்தில் மேற்பார்வையாளர் பொறுப்புக்கு நேர்காணல். பொறியைப்பற்றி ஒருவரும் வினவவில்லை. தம்மைப்பற்றி ஆங்கிலத்தில் ஐந்து மணித்துளி பேசுமாறு பணித்தனர். வினவிய மூவரும் தமிழரே! வேலை வேறொருவர்க்குப் போயிற்று. அதன்பின்னரே இந்த இரவு வகுப்பு.

அவர் காட்டிய பாடங்களில் பொறியும் இல்லை, தொழிலும் இல்லை. மின்னஞ்சலை எவ்வாறு தொடங்குவது, மேலாளர் சொன்னதை எவ்வாறு மறுக்காமல் மறுப்பது என்பனவே. இயலாது என்று நேரே சொல்லலாகாதாம். 'ஐ ஆம் அஃப்ரெய்டு', அஃதாவது 'அஞ்சுகின்றேன்' என்று தொடங்குதல் வேண்டுமாம்! ஆங்கிலேயனுக்கு அது வெறும் நயப்பேச்சு. அதனை நெட்டுருப் போடும் நம் பிள்ளை மெய்யாகவே அஞ்சிக்கொண்டிருக்கின்றான்.

அரசு என் செய்கின்றது? 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அரசு அலுவலகத்தோடு நின்றுவிட்டது. தமிழ்வழியில் பயின்றார்க்கு 20 விழுக்காடு ஒதுக்கிய 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் அரசுப் பணிக்கே உரியது. கடையின் பெயர்ப்பலகையில் தமிழ் இருத்தல் வேண்டும் என்று ஆணை உண்டு. பலகையைக் கடந்து உள்ளே போனால் தமிழுக்கு என்ன காப்பு? 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் மாணவர்க்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் தருகின்றது, தரட்டும். மாணவனைத் திருத்த முனைந்தவர்கள் முதலாளியை நோக்கி ஒரு சொல் கேட்டதுண்டா?

பிரெஞ்சு நாட்டில் கேட்டார்கள். பணியாளன் தன் வேலைக்காக அறிந்திருக்க வேண்டிய ஆவணங்கள் பிரெஞ்சில் இருத்தல் வேண்டும் என்று 1994-இல் தூபோன் சட்டம் இயற்றினர். செனரல் எலக்ட்ரிக் குழுமத்தின் மருத்துவக்கருவி நிறுவனம் ஆங்கில மென்பொருளையும் கையேடுகளையும் பணியாளரிடம் கொடுத்தபோது, தொழிற்சங்கத்தார் வழக்கிட்டனர். 2006-இல் வெர்சாய் மேல்முறையீட்டு மன்றம் அந்நிறுவனம் 5,80,000 யூரோ கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பணியாளனை ஆங்கில வகுப்புக்கு அனுப்பவில்லை. முதலாளியை மொழிபெயர்ப்பாளனிடம் அனுப்பினர்!

கனடாவின் கியூபெக்கு மாநிலம் 1977-இலேயே, வேலையின் இயல்பு வேண்டினாலன்றி வேற்றுமொழியறிவை முதலாளி கேட்கலாகாது என்று சட்டம் செய்தது. 2022-இல் அதனை மேலும் இறுக்கினர். வேற்றுமொழி உண்மையிலேயே தேவைதானா என்று முதலாளி முன்னரே ஆய்ந்திருத்தல் வேண்டும். அது கேட்கப்படும் இடங்களை இயன்றவரை குறைத்திருத்தல் வேண்டும்.

'அயல்நாட்டு வாணிகத்திற்கு ஆங்கிலம் வேண்டாவோ?' என்பார் உளர். வேண்டும், அயல்நாட்டாரோடு பேசும் வேலைக்குக் கேட்கட்டும். கடைசல் பொறியோடு பேசும் வேலைக்கு எதற்கு?

எனவே, தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இயற்ற வேண்டியது இதுவே: ஆங்கிலம் கேட்கும் தனியார் நிறுவனம், அவ்வேலைக்கு அஃது ஏன் தேவை என்பதை எழுத்தில் காட்டுக, காட்டியபின், அதனைக் கற்பிக்கும் செலவைத் தானே ஏற்று, வேலைநேரத்திலேயே வகுப்பு நடத்துக, பணிக்குரிய கையேடுகளைத் தமிழில் தருக. அன்பர்கள் இதனைத் தத்தம் தொகுதி உறுப்பினர்க்கு மடலாக எழுதுக. படியொன்றை ஊர்த் தொழிற்சங்கத்தார்க்கும் கொடுக்க.