தோற்றது மைதானத்தில் மட்டும்தானா?

ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநர் மைக்கேல் ஆல்ஃபர்ட் அவர்களுக்கு,

2023இல் லீக் ஆட்டங்கள் அத்தனையும் வென்று ஏசிசி என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் பட்டத்தையும் தூக்கிய நம் அமெரிக்கக் கால்பந்து அணி, 2024இல் 12 ஆட்டங்களில் 10ஐப் பறிகொடுத்தது. டப்ளினில் ஜார்ஜியா டெக் கடைசி நொடி ஃபீல்டு கோலால் 24-21 என்று ஜெயித்தபோது, கண் பட்டுவிட்டது என்று தேற்றிக்கொண்டோம். அன்று எடுத்த அந்த 21 புள்ளிகளை, சார்ல்ஸ்டன் சதர்ன் என்ற சிறிய அணி வந்த நாள் தவிர, பிறகு ஒருநாளும் நம் பையன்கள் எட்டவில்லை. நோட்ர டேமிடம் வாங்கியது 52-3.

2023 அணியிலிருந்து பத்துப் பேர் தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் போய்விட்டார்கள், உண்மைதான். அந்த இடங்களை நாம் வளர்த்த பிள்ளைகளைக் கொண்டு நிரப்பாமல், பிற கல்லூரிகளிலிருந்து ஆள் பிடித்தோம். அப்போது குவார்ட்டர்பேக்காக இருந்த உய்யாகலேலேக்கு நம் கல்லூரி மூன்றாவது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

நான் கேட்க வந்தது 2024 ஜனவரியைப் பற்றி. அலபாமா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு நம் பயிற்சியாளர் மைக் நார்வெல் போகக்கூடும் என்று பேச்சு கிளம்பியது. உடனே நார்வெலுக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல், எட்டு ஆண்டு ஒப்பந்தம். 2024 நவம்பரில் அவரை அனுப்ப நினைத்திருந்தால் 6 கோடி டாலருக்கும் மேல் எடுத்து வைக்க வேண்டியிருந்திருக்கும். அதனால் அந்த மாதம் உதவிப் பயிற்சியாளர்கள் மூவர் நீக்கப்பட்டார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

நார்வெலைத் துரத்தச் சொல்லவில்லை. 1973இல் 11 ஆட்டமும் தோற்ற கல்லூரி இது. 1976இல் வந்த பாபி பௌடன் முதல் ஆண்டில் 5-6 தான்; அவரைப் பொறுத்துக்கொண்டதால்தான் பின்னாளில் இரண்டு தேசியப் பட்டங்கள் கிடைத்தன. ஆனால் பௌடனை நம்பி வைத்திருந்தார்கள். நார்வெலை வைத்திருப்பது நம்பிக்கையாலா, கணக்குப் புத்தகத்தாலா? ரசிகர்களுக்கு அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

நார்வெல் தன் 2025 சம்பளத்தில் 45 லட்சம் டாலரை விட்டுத்தந்தார். ஒப்பந்தத்தை நீட்டிய தரப்பு என்ன தரப்போகிறது? குறைந்தபட்சம், இனி வதந்தி கிளம்பிய வாரத்திலேயே எந்த ஒப்பந்தத்தையும் நீட்டமாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு செமினோல் அணி ரசிகன்