வரைபடத்தில் பெயருக்கு இடம்

கணினி வரைபடத்தில் ஆறும் சாலையும் எல்லையும் தரவிலிருந்து தாமாகவே வந்து அமர்ந்துவிடும். பெயர்கள் அவ்வளவு எளிதில் அமர்வதில்லை. ஓர் ஊருக்கு நிலத்தில் இடம் ஒன்றுதான்; அதன் பெயரைப் புள்ளியின் எந்தப் பக்கத்திலும் எழுதலாம். ஒன்றை நகர்த்தினால் பக்கத்துப் பெயரோடு மோதும், அதை நகர்த்தினால் அடுத்ததோடு. எல்லாவற்றையும் மோதாமல் பொருத்தும் இந்தக் கணக்கு கணினிக்கே மிகக் கடினமான வகையைச் சேர்ந்தது என்று 1991-இல் நிறுவிவிட்டார்கள். கியூஜிஐஎஸ் போன்ற நிலத்தகவல் மென்பொருள்கள் முடிந்தவரை தாமே பெயரிட்டுத் தருகின்றன. ஆனாலும் அச்சுக்குப் போகும் நல்ல வரைபடத்தைக் கடைசியில் கையால்தான் திருத்த வேண்டியிருக்கிறது. அதற்கு இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் முக்கியமானவை இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும்.

சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து 2003-இல் கிளைத்தது இங்க்ஸ்கேப். அது படத்தைக் கோடுகளும் வடிவங்களுமாக, எஸ்விஜி கோப்பாக வைத்திருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்தின் விளிம்பு பிசிறாது; எப்போது திறந்தாலும் பெயரைச் சொடுக்கித் திருத்தலாம். கிம்ப் புள்ளிகளால் ஆன படத்துக்கானது. ஸ்கேன் செய்த பழைய வரைபடமோ செயற்கைக்கோள் படமோ மட்டும் கையில் இருந்தால் கிம்ப், மற்ற எல்லாவற்றுக்கும் இங்க்ஸ்கேப் என்று வைத்துக்கொள்ளலாம்.

காவிரிப் படுகைக்குத் தமிழில் ஒரு வரைபடம் செய்வதாகக் கொள்வோம். நேச்சுரல் எர்த் என்ற இலவசத் தரவு நாடு, மாநிலம் அளவுக்கே போதும். படுகையின் கிளையாறுகள் வேண்டுமானால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைத்தான் எடுக்க வேண்டும். அதை கியூஜிஐஎஸ்ஸில் திறந்து எஸ்விஜியாக ஏற்றுமதி செய்யும்போது எழுத்துகளை வெறும் கோட்டுருவமாக்கும் தெரிவு ஒன்று உண்டு. அந்த வழியில் வரும் பெயர்களைப் பிறகு திருத்த முடியாது. பெயரே இல்லாத படத்தை வரவழைத்து, இங்க்ஸ்கேப்பில் புதிதாகத் தட்டுவது மேல். அடிப்படைப் படம் இருக்கும் லேயரைப் பூட்டிவிட்டு ஊருக்கு ஒன்று, ஆற்றுக்கு ஒன்று, பரப்புக்கு ஒன்று என்று மேலே தனி லேயர்கள் போட வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டினால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஆகவே நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவே நல்லது.

பெயரை எங்கே வைப்பது என்பதற்கு இன்றும் வழிகாட்டி, ஸ்விட்சர்லாந்தின் நிலப்படவியலாளர் எடுவர்ட் இம்ஹோஃப் 1962-இல் எழுதிய கட்டுரைதான். புள்ளிக்கு வலப்புறம், சற்று மேலே என்பது முதல் தெரிவு. கடலோர ஊரின் பெயர் முழுவதும் கடலுக்குள் இருக்க வேண்டும். உள்நாட்டு ஊரின் பெயர் கரைக்கோட்டைத் தாண்டக் கூடாது. சோழமண்டலக் கரையில் கடல் கிழக்கே இருப்பதால் வலப்புற விதியும் கடல் விதியும் ஒத்துப்போகின்றன. தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாம் புள்ளிக்கு வலப்புறம் கடலின் வெற்றிடத்தில் வசதியாக உட்காரும். சீர்காழியும் திருவாரூரும் கரையை ஒட்டியவை அல்ல. அவற்றின் பெயரை இடப்பக்கம் தள்ளினால், அவை கடலோர ஊர்கள் அல்ல என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ஆற்றங்கரை ஊரின் பெயர் அந்த ஊர் இருக்கும் கரையிலேயே நிற்க வேண்டும். திருவையாறு காவிரியின் வடகரையில் இருக்கிறது, பெயரும் வடக்கேதான். கும்பகோணம் வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் நடுவே இருப்பதால் சிறிய அளவுப் படத்தில் நீளமான அந்தப் பெயர் ஏதாவதொரு நீலக்கோட்டைத் தொடாமல் இராது. அங்கேதான் வெள்ளை விளிம்பு உதவும். இங்க்ஸ்கேப்பில் எழுத்துக்கு வெள்ளைக் கோடு கொடுத்து, அந்தக் கோடு நிறத்துக்கு அடியில் போகும்படி வரிசையை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வெள்ளை எழுத்தையே தின்றுவிடும், முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். கோட்டின் மூலையை உருண்டையாக வைத்தால் முள் முள்ளாக நீட்டாது. கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் திருவரங்கத்துக்கு விளிம்பும் போதாது. பெயரை வெளியே எழுதி மெல்லிய கோட்டால் ஊரோடு இணைப்பதே வழி.

ஆற்றுப் பெயர் ஆற்றோடு வளைய வேண்டும். இதற்கு ஆற்றுக்கோட்டையே பிடித்துக்கொள்வது தவறு. அதன் ஒவ்வொரு நெளிவிலும் எழுத்து குப்புற விழும். ஆற்றுக்குச் சற்று மேலே, அதன் போக்கை மட்டும் பின்பற்றும் மென்மையான ஒரு வளைவைப் பேனாக் கருவியால் இடமிருந்து வலமாக வரைந்து, எழுத்தையும் வளைவையும் சேர்த்துத் தேர்ந்து, டெக்ஸ்ட் மெனுவில் ‘புட் ஆன் பாத்’ கொடுக்க வேண்டும். வலமிருந்து வரைந்திருந்தால் பெயர் தலைகீழாக வரும். பாத் மெனுவில் ‘ரிவர்ஸ்’ அதைச் சரிசெய்யும். வளைவின் நிறத்தை எடுத்துவிடலாம், வளைவை அழிக்கக் கூடாது.

ஐரோப்பிய வரைபடங்கள் நீர்ப்பெயரைச் சாய்வெழுத்திலும் பெரிய பரப்புகளின் பெயரைப் பெரிய எழுத்துகளிலும் காட்டும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது, சாய்வெழுத்துக்கு மரபும் இல்லை. மென்பொருள் தானாகச் சாய்த்துக் கொடுக்கும் தமிழ் அநேகமாக விகாரமாகவே இருக்கும். எனவே வேறுபாட்டை நிறமும் தடிமனும் அளவும்தான் சுமக்க வேண்டும்: நீருக்கு நீலம், மாவட்டத் தலைநகருக்குத் தடித்த எழுத்து, ‘காவிரிப் படுகை’ போன்ற பரப்புப் பெயருக்குப் பெரிய, மெலிந்த, சாம்பல் நிற எழுத்து. பரப்பெங்கும் பெயரை விரிக்க எழுத்திடைவெளியைக் கூட்டும் வழக்கத்தைத் தமிழில் அளவோடு செய்வதே நல்லது. இடைவெளி மிஞ்சினால் கொம்பும் காலும் எந்த எழுத்துக்குரியவை என்று கண் தடுமாறும். ஆங்கிலத்தில் படிக்க முடிகிற 6 பாயின்ட் அளவில் தமிழின் ணகரமும் ஞகரமும் அடைத்துக்கொள்கின்றன. 7, 8 பாயின்ட்டுக்குக் கீழே போகாமல் இருப்பது நலம்.

கிம்ப்பில் இதே வேலைக்கு முதலில் தெளிவுத்திறனைப் பார்க்க வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கொண்ட படத்தில் 6 பாயின்ட் எழுத்துக்கு 25 புள்ளி உயரம் கிடைக்கிறது. 96 புள்ளிப் படத்தில் அதே எழுத்துக்கு 8 புள்ளிதான், தமிழுக்கு அது போதவே போதாது. வெள்ளை விளிம்புக்கு, எழுத்து லேயரின் உருவத்தைத் தேர்வாக மாற்றி, தேர்வை இரண்டு மூன்று புள்ளி வளர்த்து, அடியில் புது லேயரில் வெள்ளை நிரப்பலாம். கோப்பை எக்ஸ்சிஎஃப் வடிவில் சேமித்தால்தான் லேயர்கள் பிழைக்கும். ஜேபெக்கில் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

அச்சகத்துக்கு அனுப்பும்போது இங்க்ஸ்கேப்பின் பிடிஎஃப் பெட்டியில் எழுத்தைக் கோட்டுருவமாக்கும் தெரிவைப் போட்டுவிட்டால், அங்கே எழுத்துரு இல்லையென்றாலும் பெயர்கள் சிதையா. திருத்துவதற்குரிய எஸ்விஜி மூலத்தைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு இலவசம், ஆனால் நன்றிக்குறிப்புக் கட்டாயம்: படத்தின் ஓரத்தில், சிறிய எழுத்தில், ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்ற வரி இருக்க வேண்டும்.