வீட்டுப் பள்ளிக்கும் ஓர் ஆசிரியர் அறை

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது அமெரிக்காவில் இன்று விநோதமான காரியம் அல்ல. 1999இல் அந்நாட்டின் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் கணக்கெடுத்தபோது சுமார் 8.5 லட்சம் பிள்ளைகள், அதாவது மாணவர்களில் 1.7 சதவீதத்தினர், வீட்டில் படித்துவந்தார்கள். 2012இல் அந்த விகிதம் 3.4 ஆனது. கரோனா காலத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை நடத்திய ஆய்வில், வீட்டுக்கல்வியை நாடிய குடும்பங்கள் 2020 வசந்தத்தில் 5.4 சதவீதமாக இருந்து அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் 11.1 சதவீதமாயின. கறுப்பினக் குடும்பங்களில் இது 3.3இலிருந்து 16.1 ஆக உயர்ந்தது. இந்த இயக்கத்தை நாற்பது ஆண்டுகளாகத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள். அவர்கள் ஆண்டுதோறும் கூட்டும் மாநாடுகளை, சமயக் கூட்டம் என்றோ புத்தகச் சந்தை என்றோ வெளியாட்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். அவற்றில் இரண்டுமே உண்டுதான். என்றாலும் அங்கே போவதன் பெரிய பயன் வேறொன்று. நான்கு சுவர்களுக்குள் தனியாகப் பாடம் நடத்தும் ஒருவர், தன் வேலையைப் பிறர் வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ள அங்கேதான் வழி கிடைக்கிறது.

பள்ளி ஆசிரியருக்குப் பயிற்சி உண்டு, தலைமையாசிரியர் உண்டு, பாடநூலைத் தேர்ந்தெடுத்துத் தரும் குழு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியர் அறை உண்டு. “இந்தப் பையனுக்குப் பின்னம் ஏறவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?” என்று பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் கேட்டுவிட முடியும். வீட்டில் சொல்லிக்கொடுக்கும் தாய்க்கு இவற்றில் ஒன்றும் இல்லை. சட்டமும் எல்லா மாநிலங்களிலும் துணைக்கு வருவதில்லை. பென்சில்வேனியாவில் பெற்றோர் ஆண்டுதோறும் கல்வி அதிகாரியிடம் உறுதிமொழி அளிக்க வேண்டும். பிள்ளையின் பயிற்சித் தாள்களைக் கோப்பாகச் சேர்த்து, தகுதி பெற்ற மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். 3, 5, 8ஆம் வகுப்புகளில் பொதுத் தரத் தேர்வும் உண்டு. டெக்சாஸிலோ பதிவும் இல்லை, தேர்வும் இல்லை. அங்கே ஒரு பெற்றோர் பன்னிரண்டு ஆண்டுகள் தவறான முறையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாலும் கேட்பதற்கு ஆள் கிடையாது. இந்தத் தனிமைதான் வீட்டுக்கல்வியின் மிகப் பெரிய பலவீனம்.

மாநாடுகள் தோன்றியதும் தனிமையை வெல்லத்தான்; அன்றைய தனிமை சட்டத்தின் முன் நின்ற தனிமை. பிள்ளைகளை அவசரப்பட்டுப் பள்ளியில் சேர்க்க வேண்டாம் என்று 1975இல் ஒரு நூல் வழியாக வாதிட்ட ரேமண்ட் மூர், டோரதி மூர் தம்பதியின் கருத்து, ஜேம்ஸ் டாப்சனின் கிறிஸ்தவ வானொலி நிகழ்ச்சி மூலம் பல்லாயிரம் வீடுகளை எட்டியது. அப்போது பல மாநிலங்களில் பிள்ளையை வீட்டில் படிக்கவைத்த பெற்றோர் மீது கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் வழக்குப் பாயும் அபாயம் இருந்தது. 1983இல் வீட்டுக்கல்விச் சட்டப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. மாநில அளவிலான அமைப்புகளும் அக்காலத்தில் முளைத்தன. 1993க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமாகிவிட்டது. வழக்கு பயம் விலகிய பிறகும் மாநாடுகள் கலையாமல் வளர்ந்தன. பயம் மட்டுமே கூட்டிய கூட்டமாக இருந்திருந்தால் பயத்தோடு அதுவும் போயிருக்கும்.

வளர்ந்ததற்கான காரணம் கண்காட்சிக் கூடத்தில் தெரியும். கணக்குப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். சாக்ஸன் நிறுவனத்தின் நூல் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கொஞ்சம் சொல்லி, பழைய பாடங்கள் அனைத்திலிருந்தும் கலந்து பயிற்சி தருவது. மறதிக்காரப் பிள்ளைக்கு உகந்தது, எளிதில் சலிப்படையும் பிள்ளைக்குத் தண்டனை. ‘மேத்-யூ-சீ’ என்ற பாடத்திட்டமோ வண்ணக் கட்டைகளை அடுக்கவைத்து, ஒரு கருத்து பிடிபடும்வரை அதிலேயே நிற்கும். இணையத்தில் விளம்பரம் பார்த்தால் இரண்டும் சிறந்தவைதான். இரண்டு நூலையும் மேசையில் பக்கம் பக்கமாகப் புரட்டி, கட்டைகளைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துப் பார்க்கும்போதுதான் தன் வீட்டுக்கு எது பொருந்தும் என்பது விளங்கும். பழைய பாடநூல் விற்பனை நடக்கும் இடங்களில், சென்ற ஆண்டு அதே நூலைப் பயன்படுத்திய ஒரு தாயே எதிரில் நிற்பார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால் போதும், எந்த விற்பனையாளரும் சொல்லாத செய்தி கிடைத்துவிடும். எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது, கல்லூரிக்குத் தர வேண்டிய மதிப்பெண் பட்டியலை எப்படித் தயாரிப்பது என்பதற்கெல்லாம் பயிலரங்குகள் உண்டு. வர்ஜீனியா மாநில அமைப்பு தன் மாநாட்டிலேயே, மேல்நிலைப் படிப்பை முடித்தவர்களுக்குப் பட்டமளிப்பு விழாவும் நடத்துகிறது. வீட்டிலேயே படித்த பிள்ளைக்குச் சக மாணவர்களோடு மேடையேறும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்?

இது வெறும் வியாபாரம், பெற்றோரின் பதற்றத்தைக் காசாக்கும் தந்திரம் என்பது முதல் ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. கடை வாடகையில் நடக்கும் மாநாட்டில் மேடைப் பேச்சாளரே தன் நூலை விற்கும் வழக்கமும் உண்டு. ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரையும் அதே விற்பனை கைபேசி வழியாகத் துரத்துகிறது. அங்கே ஒரு நேரத்தில் ஒரு விற்பனையாளரின் குரல் மட்டுமே கேட்கும். போட்டியாளர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் நிற்கும்போது ஏமாற்றுவது சிரமம். இணையக் குழுக்கள் போதாதா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: அங்கே நம்மைப் போன்றவர்களோடு மட்டுமே பேசிக்கொண்டிருப்பதற்கு எல்லா வசதியும் இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. ஒரே நம்பிக்கை கொண்டவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொள்ளும் இடம்தானே இது? அங்கே விற்கும் அறிவியல் நூல்களில் பல, பூமிக்குச் சில ஆயிரம் ஆண்டுகளே வயது என்று சொல்பவை. உயிரியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு இது பெரும் குறை. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அந்தக் கூடாரத்துக்குள்ளும் ஒரே குரல் இல்லை. 2011இல் ‘கிரேட் ஹோம்ஸ்கூல் கன்வென்ஷன்ஸ்’ அமைப்பு, படைப்புவாதப் பிரசாரகர் கென் ஹாமைத் தன் மாநாட்டிலிருந்து விலக்கியது. ஆதியாகமத்தை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளாத பைபிள் அறிஞர் பீட்டர் என்ஸும் அங்கே பேச்சாளர். அவரை ஹாம் வெளிப்படையாகத் தாக்கியதுதான் காரணம். இருவர் பெயரும் ஒரே மாநாட்டு அழைப்பில் இருந்ததால்தான் அந்தக் கருத்துவேறுபாடு சாதாரணப் பெற்றோரின் காதுவரை வந்தது. மேலும், வீட்டில் படிக்கவைப்பவர்கள் எல்லோரும் சமயத்துக்காகவே அதைச் செய்வதில்லை: 2016இல் புள்ளிவிவர மையம் கேட்டபோது வீட்டுக்கல்விக்குச் சமயப் போதனையே முதன்மைக் காரணம் என்றவர்கள் 16 சதவீதத்தினர். பள்ளிச் சூழல் குறித்த கவலை என்றவர்கள் 34 சதவீதத்தினர்.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு மாநாட்டிடம் முழுப் பதில் இல்லை. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் எலிசபெத் பார்த்தோலே 2020இல் எழுதிய கட்டுரையில், வீட்டுக்கல்வியின் மறைவில் சில பிள்ளைகள் கல்வியும் பாதுகாப்பும் இழக்கிறார்கள் என்று எச்சரித்தார். வீட்டுக்கல்வியில் வளர்ந்தவர்களே தொடங்கிய பொறுப்பான வீட்டுக்கல்விக்கான கூட்டமைப்பும் 2013 முதல் மேற்பார்வை கோருகிறது. பிள்ளையை வதைக்கும் பெற்றோர் மாநாட்டுக்கு வரப்போவதில்லை. அதற்குச் சட்டம்தான் வேண்டும். ஆனால் கவனமில்லாமல் பின்தங்கவிடும் பெற்றோர் இவர்களைவிட அதிகமாக இருப்பார்கள் என்று நம்ப இடமுண்டு. தன் மகன் வயதுப் பிள்ளை சரளமாக வாசிப்பதைக் கண்ணால் பார்க்கும் தாய்க்கு அரசு ஆணை தேவைப்படாது.

ஆகவே, பிள்ளையை வீட்டில் படிக்கவைக்கும் பெற்றோர் இந்த மாநாடுகளுக்குப் போக வேண்டும். பணப்பையோடு மட்டும் போகாமல் பிள்ளையின் நோட்டுப் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நடத்துபவர்களுக்கும் கடமை உண்டு. பிள்ளைகளின் நிலையை அறியத் தரத் தேர்வுகளை அங்கேயே நடத்தலாம். வீட்டுக்கல்வியில் வளர்ந்து இன்று அதைக் குறை சொல்பவர்களையும் மேடைக்கு அழைக்கலாம். பிள்ளையின் கல்வி பெற்றோரின் உரிமை என்று அரை நூற்றாண்டாக வாதாடியவர்கள், அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று சக பெற்றோருக்காவது காட்டத் தயங்கக் கூடாது.