பூதத்தை விடப் பொல்லாதவர்!

மூன்று பேர் ராக்கெட்டில் ஏறி விண்வெளிக்குப் போனார்கள். திரும்பி வந்தவர் ஒருவர்தான்!

மற்ற இருவரின் உடைகள் மட்டும் ராக்கெட்டுக்குள் கிடந்தன. உடைக்குள் ஆளைக் காணோம்!

1955-ம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த "தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமெண்ட்" என்ற படத்தின் தொடக்கம் இது. ரஷியா முதல் ஸ்புட்னிக்கை விட்டதே 1957-ல்தான். அதற்கு முன்பே வந்த கதை!

16 வயதுக்கு உட்பட்டவர்கள் பார்க்கக் கூடாது என்று படத்துக்கு "எக்ஸ்" முத்திரை குத்தினார்கள். பட முதலாளிகள் லேசுப்பட்டவர்களா? அந்த "எக்ஸ்" எழுத்தையே படத்தின் பெயரில் பெரிதாகப் போட்டு விளம்பரம் தேடிக்கொண்டார்கள்!

ராக்கெட்டை அனுப்பியவர் குவாட்டர்மாஸ் என்ற விஞ்ஞானி. அரசாங்கத்தின் அனுமதிக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை.

திரும்பி வந்தவரின் பெயர் கரூன். அவருடைய உடம்பில் ஏதோ ஒன்று புகுந்திருக்கிறது. வாய் பேசவில்லை. கள்ளிச் செடியில் கையைக் குத்துகிறார். கையே கள்ளியாக மாறுகிறது! அந்தக் கை பட்ட உயிர்கள் வற்றிச் சாகின்றன.

கரூனாக நடித்தவர் ரிச்சர்டு வோர்ட்ஸ்வொர்த். புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞரின் வம்சத்தில் வந்தவர். அதிக வசனம் இல்லாமல், கண்களாலேயே அழ வைக்கிறார்.

சிறுமி பிழைத்தாள்

கால்வாய் ஓரம் ஒரு சிறுமி பொம்மை வைத்து விளையாடுகிறாள். கரூனையும் விளையாட அழைக்கிறாள். பார்ப்பவர்களின் நெஞ்சு படபடக்கிறது. கரூனின் கை வீசுகிறது. உடைந்தது பொம்மையின் தலைதான்! சிறுமியை ஒன்றும் செய்யாமல் ஓடிவிடுகிறார்.

பூதமாக மாறிக்கொண்டிருக்கும் அந்த மனிதனிடம் இரக்கம் மிச்சம் இருந்தது. அவரை அனுப்பிய விஞ்ஞானியிடம் அது இருந்ததா?

முடிவில், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஒளிந்த பூதத்தின் மீது லண்டன் நகரத்து மின்சாரத்தைப் பாய்ச்சிக் கொல்கிறார்கள்.

கதாசிரியர் நைஜல் நீல் 1953-ல் டெலிவிஷனுக்கு எழுதிய மூலக்கதையில் முடிவு வேறு. அதில் பூதத்துக்குள் இருக்கும் மனித மனத்திடம் விஞ்ஞானி மன்றாடுகிறார். அது தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. படத்தில் விஞ்ஞானியாக வந்த அமெரிக்க நடிகர் பிரயன் டான்லெவியை நீலுக்குப் பிடிக்கவே இல்லை. முரட்டுப் பேச்சு, கல் மனம்!

கதையைப் பெற்றவரின் கோபம் நியாயமே. ஆனால் படத்துக்குப் பலமே அந்தக் கல் மனம்தான். நல்லவர் ஒருவர் கண்ணீர் விட்டிருந்தால், மக்களும் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

பூதம் கருகிய பிறகு குவாட்டர்மாஸ் வெளியே வருகிறார். வருத்தம் இல்லை. மறுபடியும் தொடங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, இருட்டில் விறுவிறு என்று நடக்கிறார்.

அடுத்த காட்சியில் இன்னொரு ராக்கெட் சீறிப் பாய்கிறது. அதில் போகிறவர் யார்? அதைச் சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது.