நிகாஹ் தகடு நடுவில் நிற்பது ஏன்?



பழைய வீடியோ கேசட்டிலிருந்த நிகாஹ் காட்சிகளை டி.வி.டி. தகட்டிற்கு மாற்றி வைத்திருக்கும் இல்லங்கள் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் உண்டு. மர்ஹூமாகிவிட்ட அத்தா மணமகனின் கரம் பற்றும் வேளையில், படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிட்டால் நெஞ்சு பதறாதா? என் இல்லத்தில் அதுவே நேர்ந்தது. தகட்டைத் துடைத்துப் பார்த்தேன், பயனில்லை. குறை தூசியில் அன்று, 'பிட்ரேட்'டில் இருந்தது.

ஒரு விநாடிக்குள் பிளேயர் படித்தாக வேண்டிய தகவலின் அளவே பிட்ரேட். வாய்க்கால் கொள்ளுமளவே மதகைத் திறக்க வேண்டுமென்பது முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தார் அறியாததன்று. டி.வி.டி.யில் படத்திற்கு மட்டும் உச்ச வரம்பு விநாடிக்கு 9.8 மெகாபிட், ஒலியும் சேர்ந்தால் 10.08. ஆனால் நாம் பதியும் தகடு, ஆலையில் அச்சான தகட்டைவிடக் குறைவாகவே ஒளியைத் திருப்பும். பழைய பிளேயர்கள் தடுமாறும். ஆகவே உச்சம் 8-ஐத் தாண்டாதிருப்பதே நலம்.

சராசரியைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள்! நானும் அப்படித்தான் ஏமாந்தேன். 4.7 ஜி.பி. தகட்டில் இரண்டு மணி நேரப் படமெனில் சராசரி 5 மெகாபிட் அளவே வரும். எனினும் சீரியல் விளக்குகள் மின்னும்போதும் கூட்டம் அசையும்போதும் அது சட்டென 9-ஐத் தொடக்கூடும். கேசட்டின் இரைச்சல் புள்ளிகளும் பிட்டைத் தின்னும். 'பிட்ரேட் வியூவர்' என்னும் மென்பொருள் இந்த ஏற்ற இறக்கத்தை வரைபடமாகக் காட்டும். பதியுமுன் அதைப் பாருங்கள்.

உச்சத்தை 7.5 என வைத்து மீண்டும் பதியச் சொன்னேன். அத்தாவின் குரல் இப்போது தடையின்றிக் கேட்கிறது. கேசட்டை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.